கத்தரிக்காயைத் தண்ணீரில் போடாதீர்கள்: பாஸ்தா அல்லா நோர்மா செய்து பார்த்த கதை

கத்தானியாவுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சிசிலித் தீவின் கிழக்குக் கரை, தலைக்கு மேலே எட்னா எரிமலை, பழைய தெருக்களில் எல்லாம் எரிமலைக் கல் பாவிய கறுப்புத் தளம். எரிமலை பொங்கும் நாளில் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் பால்கனி முழுக்கக் கறுப்பு மணல் மாதிரி சாம்பல், துடைப்பத்தோடு நிற்க வேண்டியதுதான். இந்த ஊரில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் பட்டியலில் ஒன்று கட்டாயம் இருக்கும்: பாஸ்தா அல்லா நோர்மா. தக்காளிச் சாறு, பொரித்த கத்தரிக்காய், பேசில் இலை, மேலே உப்புப் போட்டுக் காயவைத்த ரிகொட்டா சீஸ் துருவல், அவ்வளவுதான். பேசில் என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் திருநீற்றுப்பச்சிலைதான். இறைச்சி இல்லை, முட்டை இல்லை. என்னைப் போல் சைவம் சாப்பிடுகிறவனுக்கு இந்த ஊர் போட்ட பிச்சை என்றே சொல்லலாம்.

கத்தரிக்காய் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எண்ணெய்க் கத்தரிக்காய், கொத்சு, சுட்ட கத்தரிக்காய்த் துவையல் எல்லாம் பண்ணுகிற கைதானே, இதை யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று நேராக இறங்கினேன். நாலாவது ஞாயிற்றுக்கிழமைதான் சாப்பிடுகிற மாதிரி வந்தது. என்னென்ன தப்பு நடந்தது என்று எழுதி வைக்கிறேன், யாருக்காவது எண்ணெயாவது மிஞ்சட்டும்.

காய் வாங்குவது பியாட்சா கார்லோ அல்பெர்த்தோ சந்தையில். இங்கே இரண்டு வகை பார்க்கலாம். ஒன்று நீளமாக, கன்னங்கரேல் என்று பளபளப்பாக இருக்கும். இன்னொன்று உருண்டை, தேங்காய் அளவு, வெளிர் ஊதா. இதைத் துனிசீனா என்கிறார்கள், துனிசியக்காரி என்று பொருள். ஒரு காயே அரைக் கிலோ நிற்கிறது. உருண்டையில் சதை இறுக்கம், கசப்பும் கிட்டத்தட்ட இல்லை. காம்பு பச்சையாக, தோல் இழுத்துக் கட்டின மாதிரி, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தும் எடை இல்லை என்றால் உள்ளே விதையும் காற்றும்தான். இது எந்த ஊர்க் கத்தரிக்காய்க்கும் பொருந்தும்.

முதல் ஞாயிறு. நறுக்கினேன், நறுக்கின கையோடு தண்ணீரில் போட்டேன். கறுத்துப் போகாமல் இருக்க அம்மா அப்படித்தான் செய்வார், என் கையும் கேட்காமலே செய்துவிட்டது. குழம்புக்கு அது சரி. காயும் எண்ணெய்க்கு? முதல் கைப்பிடி போட்டதும் வாணலி பட்டாசுக் கடை மாதிரி வெடித்தது, அடுப்பு, சுவர், என் முழங்கை எல்லா இடத்திலும் எண்ணெய்ப் பொட்டு. பயத்தில் தீயைக் குறைத்தேன், அது அடுத்த தப்பு. சூடு இறங்கின எண்ணெயில் கத்தரிக்காய் பொரியாது, குடிக்கும். 400 மில்லி ஊற்றியிருந்தேன், முடிந்ததும் அளவுக் குவளையில் திருப்பி ஊற்றிப் பார்த்தால் 230தான் இருந்தது. மிச்சம் 170 மில்லி அரைக் கிலோ காய்க்குள். அதோடு விட்டேனா, பொரித்ததைத் தக்காளிச் சாற்றில் கொட்டிக் கால் மணி நேரம் கொதிக்கவும் விட்டேன், சேர்ந்து வரட்டும் என்று. சேர்ந்துதான் வந்தது, கொத்சாக. இட்லி இல்லாததுதான் குறை.

மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நான் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். வாடகைச் சீட்டு கொடுக்க வந்தவர் வாணலியை எட்டிப் பார்த்தார். "என்ன இது, கப்போனாத்தாவா?" கப்போனாத்தா என்பது கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சுண்டவைக்கிற வேறொரு சிசிலிப் பண்டம். நோர்மா என்று நான் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை, சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டாவது ஞாயிறு உப்புப் போட்டுச் செய்தேன். எல்லாச் செய்முறையிலும் உப்பு வருகிறது, கசப்பை எடுக்க என்று எழுதியிருக்கிறது. இந்தக் காயில் எடுக்கிற அளவுக்குக் கசப்பே இல்லை, அப்புறம் எதற்கு உப்பு என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் புரிந்தது, அதன் பெரிய வேலை வேறு. கத்தரிக்காய்ச் சதை ஒரு பஞ்சு. செல்களுக்கு நடுவே பொடிப்பொடியாகக் காற்றறைகள் இருக்கின்றன. பொரிக்கும்போது காற்று வெளியேறுகிறது, அந்த இடத்தில் எண்ணெய் போய் உட்காருகிறது. முதலிலேயே உப்புப் போட்டு வைத்தால் அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது, சதை தொய்ந்து அந்த அறைகள் அமுங்கிவிடுகின்றன, எண்ணெய்க்கு உட்கார இடம் குறைகிறது. ஒரு மணி நேரம் கழித்து வடிதட்டுக்கு அடியில் அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் நின்றது. இதெல்லாம் சரி, ஆனால் அந்த உப்பைக் கழுவ மறந்துவிட்டேன். பாஸ்தா வெந்த தண்ணீரிலும் உப்பு, மேலே தூவும் சீஸும் உப்பு. வாயில் வைக்க முடியவில்லை, கருவாட்டுப் பானையைக் கழுவின தண்ணீர் மாதிரி கரித்தது. இரண்டு வாய் தின்றுவிட்டு ரொட்டியும் தயிரும் சாப்பிட்டுப் படுத்தேன்.

சீஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பண்டத்தில் பாதி அதுதான். ரிகொட்டா என்ற பேருக்கே மறுபடி காய்ச்சியது என்று அர்த்தம். செம்மறி ஆட்டுப் பாலைத் திரித்து முதலில் பெக்கொரீனோ சீஸுக்கான கட்டியை எடுத்துவிடுவார்கள். மிஞ்சுகிற மோர் மாதிரியான தெளிந்த நீரை மறுபடி அடுப்பேற்றி 80 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அதில் கரைந்து கிடக்கும் வேறு வகைப் புரதம் வெள்ளைப் பூப்பூவாக மேலே மிதந்து வரும், அதை அள்ளிக் கூடையில் வடிய விட்டால் ரிகொட்டா. நம்ம பனீரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பனீர் முழுப்பாலைத் திரித்துச் செய்வது. இவர்கள் சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரிலேயே இன்னொரு பண்டம் எடுக்கிறார்கள். அந்த ரிகொட்டாவை அழுத்தி, உப்புத் தடவி, வாரக்கணக்கில் காய விட்டால் ரிகொட்டா சலாத்தா. சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை, துருவினால் உதிரும், சூட்டில் உருகி நூல் விடாது. அந்த உதிர்கிற குணம்தான் வேண்டும். எண்ணெயும் தக்காளியும் சேர்ந்த கொழகொழப்புக்கு நடுவே வறண்ட, உப்பான ஒன்று.

மூன்றாவது ஞாயிறு ரிகொட்டா சலாத்தா தீர்ந்து போய், வீட்டில் கிடந்த வட இத்தாலிச் சீஸான பார்மிஜானோவைத் துருவிப் போட்டேன். இந்தத் தடவை கத்தரிக்காய்க்கும் குறுக்கு வழி: எண்ணெய் மிச்சம் பிடிக்கலாம் என்று தட்டில் பரப்பி, மேலே லேசாக எண்ணெய் தடவி, ஓவனில் 200 டிகிரியில் சுட்டேன். ஓரம் வற்றல், நடு தோல்செருப்பு. கெட்டுப் போகவில்லை, சாப்பிடலாம்தான், ஆனால் கடையில் சாப்பிட்டதற்கும் இதற்கும் ஒரு சொந்தமும் இல்லை. பொரித்த கத்தரிக்காயின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி இருக்கும், சுட்டது அப்படி வராது. எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் இந்தப் பண்டத்தையே விட்டுவிடலாம், வேறு ஆயிரம் பாஸ்தா இருக்கிறது. அன்றைக்குத் துணிந்து ஒரு தட்டு மேலே எடுத்துப் போனேன். சிஞ்ஞோரா ஒரு வாய் சாப்பிட்டார். "பார்மிஜானோ வடக்கே இருக்கிறவர்களுக்கு" என்றார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு மேலே வா. காயை வாங்கிக்கொண்டு வா. நறுக்காமல் கொண்டு வா."

நாலாவது ஞாயிறு அவர் சமையலறையில். இப்படித்தான் நடந்தது. அரைக் கிலோ உருண்டைக் கத்தரிக்காய் ஒன்று, இரண்டு பேருக்கு. தோலைச் சீவவில்லை. நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லைகள். நான் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடினேன், கையில் லேசாக ஒரு அடி விழுந்தது. வடிதட்டில் ஒரு அடுக்கு வில்லை, மேலே கல்லுப்பு, இன்னொரு அடுக்கு, மறுபடி உப்பு என்று அடுக்கி, மேலே தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் தண்ணீர் நிரப்பின பானையை ஏற்றி வைத்தார். "ஒரு மணி நேரம். உட்கார்."

அந்த ஒரு மணி நேரத்தில்தான் பேரைக் கேட்டேன். கத்தரிக்காய்ப் பாஸ்தாவுக்கு எதற்கு ஒரு பெண் பேர்?

நோர்மா என்பது ஓபரா, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடிக்கிற இசை நாடகம். எழுதினவர் வின்சென்சோ பெல்லினி, இந்த ஊர்ப் பிள்ளை, 1801இல் இங்கே பிறந்து 1835இல் பாரிசுக்குப் பக்கத்தில் செத்துப் போனார், முப்பத்து நாலு முடியவில்லை. 1876இல் எலும்பைத் தோண்டி எடுத்து வந்து கத்தானியா பேராலயத்தில் வைத்தார்கள். ஊரில் எதைத் தொட்டாலும் பெல்லினிதான்: பூங்கா பெல்லினி, விமான நிலையம் பெல்லினி, யூரோ வருவதற்கு முன் இருந்த 5000 லிரா நோட்டில்கூட பெல்லினி முகம். ஊரின் பெரிய ஓபரா அரங்கத்துக்கும் அவர் பேர், 1890இல் அதைத் திறந்தபோது மேடை ஏறினது நோர்மா. சரி, கத்தரிக்காய் எங்கிருந்து வந்தது? இங்கே எல்லோரும் சொல்லும் கதை இது. 1920 வாக்கில் வியா எத்னேயா தெருவில் ஒரு வீட்டில் விருந்து. நாடகக்காரர் நினோ மார்த்தோல்யோ வந்திருந்தார். பக்கத்து ஊர் பெல்பாஸோவில் 1870இல் பிறந்து சிசிலி மொழியிலேயே நாடகம் எழுதின ஆள், சினிமாவும் எடுத்தவர். விருந்து வைத்த அம்மா இந்தப் பாஸ்தாவை வைத்தார், மார்த்தோல்யோ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கிஸ்தா யெ ந வேரா நோர்மா" என்றாராம். இது அசல் நோர்மா என்று. அன்று முதல் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். அதற்கு முன் அதன் பேர் வெறும் கத்தரிக்காய்ப் பாஸ்தா, சிசிலி மொழியில் பாஸ்தா கீ முலிஞ்சியானி. மார்த்தோல்யோ அடுத்த வருஷமே, 1921இல், கட்டி முடியாத ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் குழியில் விழுந்து செத்தார். கதையை அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள யாருக்கும் அதிக நேரம் கிடைக்கவில்லை.

வேறு கதையும் உண்டு. ஓபரா அரங்கேறின அன்றே அதைக் கொண்டாட ஒரு சமையல்காரர் செய்தது என்பார்கள். அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. அரங்கேற்றம் 1831 டிசம்பர் 26, மிலானில், லா ஸ்காலா ஓபரா அரங்கத்தில். நாட்டின் மறு கோடி. அதுவும் முதல் இரவு படுதோல்வி. பெல்லினியே நண்பருக்குக் கடிதத்தில் ஃபியாஸ்கோ, ஃபியாஸ்கோ என்று எழுதியிருக்கிறார். யார் உட்கார்ந்து கத்தரிக்காய் பொரித்துக் கொண்டாடியிருப்பார்கள்? ஓபரா நிமிர்ந்து நின்றது அதற்குப் பிறகுதான். இன்னொரு கட்சி, நோர்மா என்றால் இத்தாலியில் விதி, முறை என்று பொருள், முறைப்படி செய்தது என்பதுதான் பேர் என்று வாதாடுகிறது. எனக்கு மார்த்தோல்யோ கதையே பிடித்திருக்கிறது. அவர் சொன்னாரோ இல்லையோ, ஓபராவைத் தலையில் வைத்து ஆடுகிற ஊர், நல்லது எதைப் பார்த்தாலும் "நோர்மா மாதிரி" என்று சொல்லியிருப்பார்கள், நாம் நல்லது எதைப் பார்த்தாலும் தேவாமிர்தம் என்கிற மாதிரி. மற்றபடி ஓபராக் கதைக்கும் காய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நோர்மா பழைய கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டின் கோயில் பூசாரினி, கடைசியில் சிதையில் ஏறுகிறாள். அந்தப் பாத்திரத்தை முதன்முதலில் பாடின பாடகியின் பேர் மட்டும் கேளுங்கள்: ஜுதித்தா பாஸ்தா. பொய் இல்லை, அவர் கணவர் குடும்பப் பேர் பாஸ்தா. இதைச் சொன்னபோது சிஞ்ஞோரா சிரிக்கவே இல்லை, "ஆமாம், தெரியும்" என்றார்.

சுற்றுலாக்காரர்களுக்கு இன்னொன்று விற்கிறார்கள்: தட்டுதான் எட்னாவாம், தக்காளி எரிகுழம்பாம், கத்தரிக்காய் கரிக்கட்டியாம், ரிகொட்டா மலைமேல் பனியாம், பேசில் அடிவாரத்துக் காடாம். அழகாகத்தான் இருக்கிறது. பால்கனியில் சாம்பல் கூட்டுகிறவனுக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை.

பேர் என்று பார்த்தால் எனக்கு அதைவிடக் காயின் பேர்தான் சுவாரசியம். இத்தாலியில் மெலன்சானா. அரபியில் பாதின்ஜான், பாரசீகம் வழியாக அங்கே போனது, அதற்கும் முன்னால் சமஸ்கிருதத்தில் வாதிங்கண. காயும் அரபிகளோடுதான் இந்தப் பக்கம் வந்தது. சிசிலிக்குள் அவர்கள் 827இல் இறங்கினார்கள். பாதின்ஜான் வாயில் நுழையாத இத்தாலியர்கள் அதை மெலன்சானா ஆக்கி, அதற்கு மேல் மேலா இன்சானா, அதாவது பைத்தியக்கார ஆப்பிள் என்று விளக்கமும் சொல்லிக்கொண்டார்கள், தின்றால் புத்தி பேதலிக்கும் என்ற பயம் வேறு. வாதிங்கண என்ற சொல்லே ஒரு திராவிடச் சொல்லிலிருந்து போனது என்று சொல்லாய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள், நம்ம வழுதுணங்காயின் சொந்தம். ஔவையாரின் தனிப்பாடலில் வரகரிசிச் சோற்றோடு வருமே, அந்த வழுதுணங்காய்தான். மலையாளத்தில் இன்றும் வழுதன. அதே அரபிச் சொல் போர்த்துகீசியர் வாயில் புகுந்து, பிரிஞ்சால் என்று திரும்பி நம்ம ஊருக்கே வந்து, இப்போது காய்கறிக் கடைச் சீட்டில் அச்சாகிறது. சிஞ்ஞோராவிடம் இந்தக் காய் எங்கள் பக்கத்தது என்றேன். "அப்படியானால் ஏன் இப்படிக் கெடுத்தாய்?"

மணி அடித்தது. பானையை இறக்கினால் நல்ல பழுப்புத் தண்ணீர். வில்லைகளைக் குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவி, கையால் மெதுவாகப் பிழிந்து, துணியில் வைத்து ஒற்றி ஒற்றி உலர்த்தினோம். இந்த ஒற்றுதலுக்கே பத்து நிமிடம் போனது, அதைக் குறைக்கக் கூடாது. தொட்டால் ஈரம் ஒட்டாமல், தோல்துண்டு மாதிரி வளைய வேண்டும். அகலமான வாணலியில் விரல் உயரத்துக்கு ஆலிவ் எண்ணெய், ஒரு ரொட்டித் துணுக்கைப் போட்டால் உடனே நுரைத்துக்கொண்டு ஓட வேண்டும், அதுதான் பதம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 175 டிகிரி. ஒரு தடவைக்கு மூன்று வில்லை, நாலாவது போட்டால் சூடு இறங்கிவிடும். முதலில் சலசலவென்று பெரிய சத்தம், நீர் போகப் போகச் சத்தம் சன்னமாகும். அந்தச் சத்தம் இறங்குகிற இடத்தில் திருப்ப வேண்டும் என்றார், நிறத்தைப் பார்க்காதே காதைத் தீட்டிக்கொள் என்று. நம்ம வீட்டில் வற்றல் பொரிக்கும்போது சொல்கிற அதே பேச்சு. பொன்னிறம் தாண்டிக் கொஞ்சம் பழுப்பானதும் எடுத்துத் தாளில் வடிய விட்டோம். எண்ணெயை அளந்தேன்: 400க்கு 320 திரும்பி வந்தது. அதே அரைக் கிலோ காய், முதல் ஞாயிறு குடித்ததில் பாதிகூட இல்லை.

சாறு ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆலிவ் எண்ணெயில் ஒரு பல் பூண்டை நசுக்கிப் போட்டு, மணம் வந்ததும் எடுத்துவிட்டு, அரைக் கிலோ பழுத்த தக்காளியைத் தோலும் விதையும் நீக்கி மசித்து ஊற்றி இருபது நிமிடம், கெட்டியாகிற வரை. மிளகாய் கிடையாது, வெங்காயம் அவர் போடவில்லை. அடுப்பை அணைத்த பிறகு பேசிலைக் கிள்ளிப் போட வேண்டும், கத்தி படக் கூடாது, கொதிக்கவும் கூடாது. பாஸ்தா 200 கிராம் ரிகாத்தோனி, குட்டைக் குழாய் வடிவத்தில் இருப்பது, இரண்டு லிட்டர் தண்ணீருக்கு உப்பு பதினைந்து கிராமுக்கு மேல் வேண்டாம், சீஸ் இருக்கிறது. பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே வடித்து, வெந்த தண்ணீர் ஒரு கரண்டியோடு சாற்றில் புரட்டினார். அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்துதான் சாறை ஒவ்வொரு துண்டிலும் பூச வைக்கிறது.

கத்தரிக்காய் சாற்றுக்குள் போகவே இல்லை. இரண்டு வில்லையை மட்டும் கிழித்து உள்ளே கலந்தார், மிச்சத்தை முழுசாகத் தட்டின் மேல் மடித்து வைத்தார். அதற்கு மேல் ரிகொட்டா சலாத்தாவைத் துருவியின் பெரிய கண்ணில் தேய்த்து, தக்காளி தெரியாத அளவுக்கு. ஒரு ஆளுக்கு முப்பது கிராமாவது இருக்கும். முள்கரண்டியால் தொட்டதும் கத்தரிக்காய் தானாகப் பிரிந்தது, வெளியே மெல்லிய ஏடு, உள்ளே குழைவு. கூடவே உதிரும் உப்பு, அடியில் தக்காளிப் புளிப்பு. இரண்டு பேரும் தட்டு காலியாகிற வரைக்கும் பேசவில்லை.

மிச்சம் இருந்த ஒரு வில்லையை ரொட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார், ராத்திரிச் சாப்பாட்டுக்கு. கிளம்பும்போது ஒரு வேலையும் சொன்னார்: அடுத்த ஞாயிறு நான் தனியாகச் செய்து மேலே கொண்டு வர வேண்டும், ரிகாத்தோனி வேண்டாம், ஸ்பகெட்டியில், அவர் அம்மா அப்படித்தான் செய்வாராம். கீழ்மாடிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "ஸ்பகெட்டியிலா? யார் சொன்னது?" என்று அவர் ஆரம்பித்தார், மணி ஒன்பதாகிவிட்டது, நான் உள்ளே வந்துவிட்டேன்.